முள் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை, ஹீட்டரில் வெதுவெதுப்புதான்: சென்சாரா, தெர்மோஸ்டாட்டா, ஹெட் கேஸ்கெட்டா?

மலைரயில் (குன்னூர்) | திங்கள், காலை 7.50

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 87 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. கேட்கவும் வேண்டாம்.

காலையில் கிளம்பி அருவங்காடு போய்ச் சேர்வதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியில் வந்து நிற்கும். அது பழைய கதை. இந்த டிசம்பரில் கால்வாசியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினால் திரும்பவும் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறது. ஹீட்டரைப் போட்டால் யாரோ வாயால் ஊதுவது போல ஒரு காற்று. மைலேஜ் 16ல் இருந்து 12க்கு வந்துவிட்டது. பத்து நாளாக செக் என்ஜின் லைட் வேறு.

இதுவரை பார்த்த வைத்தியம்: முதல் மெக்கானிக் டெம்பரேச்சர் சென்சார் என்றார். மாற்றினோம், 900 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாமவர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் மோர் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. "தண்ணி ஆயில்ல கலக்குது, ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும், 22 ஆயிரம் ஆகும்" என்கிறார். (ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடாம்.) இறக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

—

அரைகுறை (திருச்சி) | திங்கள், காலை 8.15

சூடு ஏறவில்லை என்று அழும் முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் ஊருக்கு மே மாதம் வண்டியை அனுப்புங்கள் சார், மூன்றே நாளில் சரியாகிவிடும்.

—

ஸ்கேனர்பிரியன் (சென்னை) | திங்கள், காலை 9.05

லைட் எரிந்து பத்து நாள் ஆகியும் யாரும் கோடு (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழை எண்) படிக்கவில்லையா? ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் இடம் அது. ப்ளூடூத் டாங்கிள் ஒன்று யாரிடமாவது வாங்கிச் செருகுங்கள். கோடு என்ன என்று சொல்லுங்கள். அதோடு இன்னொரு வேலை: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் மட்டும் பண்ணி, கூலண்ட் வெப்பம், உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

—

மலைரயில் (குன்னூர்) | செவ்வாய், காலை 8.30

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் டாங்கிள் இருந்தது. கோடு: பி 0128.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்: கூலண்ட் 15 டிகிரி, காற்று 14.
பத்து நிமிடம் ஓட்டிய பிறகு: 61.
அருவங்காடு போய்ச் சேர்ந்தபோது: 68.
வீடு திரும்பும் வழியில் இறக்கத்தில்: 57.

—

ஸ்கேனர்பிரியன் (சென்னை) | செவ்வாய், காலை 8.52

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி காட்டவேண்டும். 15, 14 என்று காட்டியிருக்கிறது. இப்போது இருக்கும் சென்சார் ஒழுங்காகத்தான் படிக்கிறது, அறிகுறியும் மாறவில்லை. பழையதும் பெரும்பாலும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். 900 ரூபாய் போனது போனதுதான்.

பி 0128 என்றால், இவ்வளவு நேரம் ஓடிய என்ஜின் எந்தச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டுமோ அதற்கு வரவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அது தெர்மோஸ்டாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறது. கூலண்ட் குறைவாக இருந்தாலும், ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடினாலும் இதே கோடு வரலாம். ஆனால் பத்துக்கு எட்டு கேஸில் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கும்.

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | செவ்வாய், மதியம் 1.40

பதினெட்டு வருடமாக பட்டறை வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த வெள்ளை ஆடை. ஹெட்டை இறக்காதீர்கள். குளிர் ஊர், குறைந்த தூர ஓட்டம், சூடு ஏறாத என்ஜின் மூன்றும் சேர்ந்தால் உள்ளே ஊறும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயில் மூடியில்தான் வந்து ஒட்டும். மூடிதான் அங்கே ரொம்பக் குளிர்ந்த இடம். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, உருவிப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலண்ட் மட்டம் குறையாமல் இருந்து, சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வராமல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கமே போகவேண்டாம். கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்தால் டிப்ஸ்டிக்கிலேயே பால் டீ தெரியும்.

அடுத்து தெர்மோஸ்டாட். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் வாட்ச்மேன் அது. உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதில் மெழுகு. என்ஜின் தண்ணீர் சூடேறினால் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் திரும்ப மூடிவிடும். கரண்ட் கிடையாது, ஒயர் கிடையாது. 82 என்று அச்சடித்திருந்தால் 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒரு பத்துப் பன்னிரண்டு டிகிரி போனால்தான் முழுக்கத் திறக்கும். 88 போட்டதும் உண்டு. அந்தச் சூடு வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரே போகக்கூடாது.

அதனால் சோதனைக்கு ஸ்கேனர்கூட வேண்டாம், கை போதும். நாளைக் காலை குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்கில் விடுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் நல்லதாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஹோஸ் சில்லென்றே கிடக்கும், முள் பாதிக்கு வரும்போது திடீரென்று கை வைக்க முடியாத சூடு வரும். திறந்து சிக்கியிருந்தால் இரண்டாவது மூன்றாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பு தொடங்கி, என்ஜினோடு சேர்ந்து மெதுவாக ஏறிக்கொண்டே போகும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு கீழ் ஹோஸுக்கு. ஃபேன் இறக்கையில் கையோ துப்பட்டாவோ மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது எப்போது சுற்றும் என்று சொல்லிக்கொண்டு சுற்றாது.

மைலேஜ் குறைவதும் இதனால்தான். என்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோனால் எப்படியோ, அப்படி.

—

ஆறுசக்கரம் (நாமக்கல்) | செவ்வாய், மாலை 6.10

தம்பிகளா, முப்பது வருடம் லாரியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரன் கண்டுபிடித்தது. நம் ஊர் வெயிலுக்கு எதற்கு அது? புது வண்டி எடுத்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசுவோம். விஜயவாடா வரை ஏற்றத்திலும் இறக்கத்திலும் லோடோடு ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் கொதித்ததில்லை.

—

அரைகுறை (திருச்சி) | செவ்வாய், மாலை 6.22

ஐயா சொல்வது சரி. எங்கள் தெரு மெக்கானிக்கும் இதையேதான் சொல்வார்.

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | செவ்வாய், இரவு 9.30

ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. அந்தக் கால லாரி என்ஜின் வேறு, லோடு வேறு, நாள் முழுக்க ஓடும் ஓட்டம் வேறு. இன்றைய பெட்ரோல் காரில் கழற்றினால் இரண்டு வகையில் அடிபடும்.

ஒன்று, மலைரயில் சாருக்கு நடப்பது. இன்னொன்று யாரும் சொல்லாதது. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். என்ஜின் குளிராக இருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றும். மேல் வால்வு திறக்கத் திறக்க, அடித்தட்டு கீழே இறங்கி அந்தப் பைபாஸ் துளையை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே குறுக்கு வழியில் திரும்பி என்ஜினுக்குள் போய்விடும். சமதரையில் மெதுவாக ஓட்டினால் வண்டி குளிரும். மலை ஏற்றினால் அதே வண்டி கொதிக்கும். சூடு குறையவேண்டும் என்று கழற்றியதே சூட்டுக்குக் காரணமாகும்.

—

பைக்காரா (ஊட்டி) | செவ்வாய், இரவு 9.55

எங்கள் வீட்டிலும் இதே கூத்து நடந்தது. சமவெளியில் சர்வீஸ் விட்டு வந்த காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜனவரி உறைபனி நேரம். கண்ணாடியில் படிந்த மூட்டம் போகாமல், ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். ஹீட்டர் வேண்டும் என்பது மலையில் சொகுசுக்காக இல்லை, எதிரே வரும் பஸ் தெரியவேண்டும் என்பதற்காக. தயவுசெய்து "நம் ஊர்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், நம் ஊரிலேயே பல ஊர் இருக்கிறது.

—

மலைரயில் (குன்னூர்) | புதன், காலை 9.10

ஹோஸ் சோதனை முடிந்தது. ஸ்டார்ட் பண்ணி மூன்றாவது நிமிடமே வெதுவெதுப்பு. ஸ்கேனரில் அப்போது 34 டிகிரி. என்ஜின் 50 ஆனபோது ஹோஸும் கிட்டத்தட்ட அதே சூடு. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. கூலண்ட் டப்பாவில் மட்டம் குறையவில்லை.

ஸ்பேனர் அண்ணா, உங்கள் கடைசிப் பதிவைப் படித்ததும் ஒன்று உறைத்தது. போன மே மாதம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டி முள் மேலே போய் முட்டியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவைத்து வந்தோம். அடுத்த வாரம் கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு மணி நேரத்தில் "சரி பண்ணியாச்சு, இனி சூடே ஏறாது" என்று 1,200 ரூபாய் வாங்கினார். என்ன பண்ணினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வார்த்தை பலித்துவிட்டது, சூடே ஏறவில்லை.

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | புதன், காலை 9.35

சார்! இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு நேரம் தட்டியிருக்கவே மாட்டேனே. தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்காது, இல்லை அரைகுறையாக இருக்கும்.

திறக்கும்போது: வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொட்டால் முகத்தில்தான் அடிக்கும், அதில் சமாதானமே கிடையாது. கீழே தட்டு வைத்து கூலண்டைப் பிடியுங்கள். தரையில் விடாதீர்கள், அந்தத் தண்ணீர் இனிக்கும், தெரு நாய் நக்கினால் செத்துப்போகும். ஹவுசிங்கில் இரண்டு அல்லது மூன்று பத்தாம் நம்பர் போல்ட் இருக்கும். அலுமினியத்தில் போட்ட மரை, வேகமாகத் திருகினால் உருண்டுவிடும்.

—

அரைகுறை (திருச்சி) | புதன், காலை 9.50

நான் பாட்டுக்கு இங்கே சும்மா இருந்தேன், என்னை எதற்கு உள்ளே தேடுகிறீர்கள்?

—

மலைரயில் (குன்னூர்) | வியாழன், மாலை 5.45

திறந்துவிட்டேன்.

மூன்றாவது போல்ட் பேட்டரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதற்காக பேட்டரியையே எடுக்கவேண்டி வந்தது. ஹவுசிங்கை மெதுவாக ஆட்டி எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது தெர்மோஸ்டாட்டின் வளையமும் அதைச் சுற்றிய ரப்பரும். அடடா, தெர்மோஸ்டாட் இருக்கிறதே, ஸ்பேனர் அண்ணா சொன்னது தப்பு என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் டார்ச் அடித்தேன். வளையத்துக்குள் விரல் நுழைகிறது! நடுவில் இருக்கவேண்டிய குப்பி, ஸ்பிரிங், வால்வு எதுவும் இல்லை. கட்டிங் பிளேயரால் கடித்து எடுத்த பிசிறு வளையத்தின் இரண்டு பக்கமும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலில் கீறிக்கொண்டேன்.

உள்ளே இருந்த தண்ணீர் கூலண்ட் நிறத்திலேயே இல்லை. செம்மண் குட்டையில் அள்ளியது போல இருந்தது. ஹவுசிங் சுவரில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது.

—

பைக்காரா (ஊட்டி) | வியாழன், மாலை 6.05

எதற்காக வளையத்தை மட்டும் விட்டு வைத்தார்?

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | வியாழன், இரவு 8.50

மேடம், அந்த வளையத்தைச் சுற்றிய ரப்பர்தான் ஹவுசிங்குக்கு கேஸ்கெட். மொத்தமாக எடுத்தால் தண்ணீர் ஒழுகும். அதனால் குடலை உருவிவிட்டுத் தோலை மாட்டுவது. பழைய வித்தைதான். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்த உப்புதான் கவலை. யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். புது தெர்மோஸ்டாட் போட்டதும் ஹீட்டர் சரியாகும், மைலேஜ் வரும். ஆனால் மே மாதம் ஏன் கொதித்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் தேடாமல் தெர்மோஸ்டாட் தலையில் பழியைப் போட்டதுதான் அந்தப் பட்டறைக்காரர் செய்தது. புதிதை மாட்டியதும் அந்த நோய் திரும்ப வெளியே வரும், தயாராக இருங்கள்.

—

ஆறுசக்கரம் (நாமக்கல்) | வியாழன், இரவு 9.20

கழற்றுவதென்றால் முறையாகக் கழற்றி வண்டிக்காரனிடம் சொல்லவேண்டும். கடித்துத் துப்புவது தொழில் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

—

மலைரயில் (குன்னூர்) | சனி, காலை 11.20

புதுத் தெர்மோஸ்டாட் வந்துவிட்டது. 640 ரூபாய், புது ரப்பரோடு. 88 என்று அச்சடித்திருக்கிறது. அண்ணா சொன்னபடி அடியில் அந்த இரண்டாவது தட்டும் இருக்கிறது. மாட்டுவதற்கு முன் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம் என்று அடுப்பில் வைத்தேன். (வீட்டில் பால் பாத்திரத்தைத் தொடவிடவில்லை. வெளியே கிடந்த பழைய அலுமினியக் குண்டான்.)

வால்வைக் கையால் கொஞ்சம் திறந்து அதன் இடுக்கில் ஒரு தையல் நூலைக் கொடுத்து, நூலிலேயே தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீருக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஜாம் செய்யும் தெர்மாமீட்டர். 85 வரை அசைவே இல்லை. 88ல் ஒரு சின்ன நடுக்கம். 89 தொடும்போது நூல் நழுவி தெர்மோஸ்டாட் 'டொக்' என்று அடியில் விழுந்தது. அச்சடித்த எண்ணுக்கு இவ்வளவு ஒட்டி வருமென்று எதிர்பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற பையன் கைதட்டினான்.

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். வால்வு 3 மி.மீ.தான் திறந்தது. பெட்டியில் வந்த தாளில் 8 மி.மீ. திறக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. டூப்ளிகேட் சாமானா? திருப்பிக் கொடுத்துவிடவா?

—

அரைகுறை (திருச்சி) | சனி, காலை 11.31

கண்டிப்பாக டூப்ளிகேட். திருப்பிக் கொடுங்கள்.

—

ஸ்கேனர்பிரியன் (சென்னை) | சனி, காலை 11.40

நில்லுங்கள், நில்லுங்கள். கொதிக்கும்போது தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டியது?

—

மலைரயில் (குன்னூர்) | சனி, காலை 11.52

94. அதற்கு மேல் ஏறவில்லை. தெர்மாமீட்டரும் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன்.

—

ஸ்கேனர்பிரியன் (சென்னை) | சனி, மதியம் 12.10

தெர்மாமீட்டரும் நல்லது, தெர்மோஸ்டாட்டும் நல்லது. நீங்கள் இருக்கும் இடம்தான் காரணம். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் 1,850 மீட்டர் போல இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் போகாது. ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. அந்தத் தாளில் 8 மி.மீ. எத்தனை டிகிரியில் என்று பாருங்கள்.

—

மலைரயில் (குன்னூர்) | சனி, மதியம் 12.18

100 டிகிரியில்!

—

பைக்காரா (ஊட்டி) | சனி, மதியம் 12.40

இங்கே குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு வேகாது என்பது புதுப்பெண்ணுக்குச் சொல்லும் முதல் பாடம். அதே கதைதான். தெர்மோஸ்டாட்டையும் குக்கரில் வைத்து மூன்று விசில் விடுங்கள். (சும்மா சொன்னேன், வைத்துவிடாதீர்கள்.)

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | சனி, மதியம் 2.15

ஹா, நான் கோவையில் எத்தனையோ கொதிக்கவைத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கேயே 98, 99ல் கொதித்துவிடும், அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

பைக்காரா மேடம் விளையாட்டாகச் சொன்னாலும் வண்டிக்குள் நடப்பது அதுதான். ரேடியேட்டர் மூடி ஒரு குக்கர் வெயிட். 0.9 என்று அதன் தலையில் போட்டிருந்தால் வெளிக்காற்றுக்கு மேல் அவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மூடி சரியாக இருந்தால் குன்னூரிலும் தண்ணீர் 115 போலத் தாண்டினால்தான் கொதிக்கும், அதில் பாதி கூலண்ட் கலந்தால் இன்னும் மேலே. அதனால் என்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்க ஒரு தடையும் இல்லை. ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் மலையில் சீக்கிரமே கொதிக்கும், சமவெளியை விடச் சீக்கிரம். மூடியையும் மாற்றிவிடுங்கள்.

குக்கருக்குப் பதில் சமையல் எண்ணெயில் கொதிக்கவைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், வேண்டாம். அந்த ரப்பர் எண்ணெய்க்கு ஊறிப் பெருத்துவிடும்.

மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்கவேண்டும். வளையத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி ஒன்று தெரியும், அது காற்றுப் போகும் வழி. அது மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் வரவேண்டும். பழைய உப்பைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள், ஆனால் அலுமினியத்தில் கோடு விழாமல். போல்டை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், முழுக்கை பலம் வேண்டாம், மணிக்கட்டு பலம் போதும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, கலந்தே வரும் கூலண்டை ஊற்றுங்கள். அடர் கூலண்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவது. மூக்கு மேலே பார்த்த மாதிரி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். குன்னூரில் இதற்கு இடம் தேடவேண்டியதில்லை. குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். 75, 80 டிகிரி ஆனதும் மூடிவிடுங்கள். உங்கள் ஊரில் திறந்த வாயில் 94க்கே பொங்கும், எனவே நான் கோவையில் செய்வது போல ஃபேன் சுற்றும்வரை திறந்து வைக்காதீர்கள்.

—

மலைரயில் (குன்னூர்) | ஞாயிறு, இரவு 8.05

மாட்டியாயிற்று. மூடியும் புதிது. மூன்றரை மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் கீழே விழுந்த பத்தாம் நம்பர் சாக்கெட்டைத் தேடியது.

மேல் ஹோஸ் பதினோரு நிமிடம் சில்லென்று இருந்தது. ஸ்கேனரில் 89 வந்ததும் சட்டென்று சூடு பாய்ந்தது, கையை எடுத்துவிட்டேன். ஓடும்போது 88க்கும் 92க்கும் நடுவில் நிற்கிறது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினேன், 86க்குக் கீழே போகவில்லை. ஹீட்டரைப் போட்டதும் மனைவி "போதும், குறைங்க" என்றாள். டிசம்பர் குன்னூரில் இந்த வார்த்தையைக் கேட்க ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | ஞாயிறு, இரவு 8.40

சந்தோஷம். இப்போது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிப் பாருங்கள். ஸ்கேனர் ஓடட்டும், படிப்பது பக்கத்து சீட்காரர் வேலை. 105 தொட்டால் ஓரங்கட்டிவிடுங்கள், பெருமைக்காக ஏற்றவேண்டாம்.

—

மலைரயில் (குன்னூர்) | செவ்வாய், மாலை 4.30

ஏறினேன். கல்லாறு வரை 90. பர்லியாருக்கு முன்னால் 97, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பர்லியார் பழக்கடைகளைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியதும் 102, 104. ஓரங்கட்டினேன். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. ஐட்லிங்கில் மெதுவாக 99க்கு வந்தது.

நீங்கள் சொன்ன நோய் வெளியே வந்துவிட்டது அண்ணா.

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | செவ்வாய், இரவு 9.10

ஃபேன் ஓடுகிறது, மூடி புதிது, தெர்மோஸ்டாட் புதிது. ரேடியேட்டர்தான் பாக்கி. சூடான வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு லேசர் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் கூட்டில் மேலிருந்து கீழே கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். தண்ணீர் ஓடும் இடம் சுடும், அடைத்த இடம் ஆறிக் கிடக்கும். ஆனால் பளபளவென்ற உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டு அளந்தால் நம்பலாம்.

—

மலைரயில் (குன்னூர்) | வியாழன், இரவு 7.20

மேலே 88. நடுவில் 71. கீழ் மூன்றில் ஒரு பங்கு முழுக்க 45க்கும் கீழே. கையாலேயே தெரிந்தது, டேப்பே வேண்டியிருக்கவில்லை. கழற்றிக் குழாய் வைத்து ஊற்றினால் கீழ்ப்பக்கத்து ட்யூப்களில் தண்ணீர் சொட்டுகிறது, ஓடவில்லை. மருந்து விட்டுச் சுத்தம் பண்ணலாமா என்று கேட்டேன். கடைக்காரரே "இவ்வளவு அடைச்சதுக்கு அது வேண்டாம், பாதி கரைஞ்சு ஹீட்டர்ல போய் அடைக்கும்" என்றார். புது ரேடியேட்டர் 3,900 ரூபாய்.

நேற்று நான்கு பேரும் லக்கேஜுமாக ஏறினோம். ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றது. அதிகபட்சம் 98. இந்த டேங்கில் மைலேஜ் 15.4. ஆயில் மாற்றியபோது மூடியைத் துடைத்துவிட்டேன், வெள்ளை திரும்ப வரவில்லை. ஹெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தக் கடித்த வளையத்தைத் துடைத்து மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன்.

—

ஆறுசக்கரம் (நாமக்கல்) | வெள்ளி, காலை 6.30

ஸ்பேனர் தம்பி, ஒரு சந்தேகம். என் தம்பி மகன் ஒரு சின்ன கார் வைத்திருக்கிறான். ஏற்காடு ஏறினால் முள் மேலே போகிறது, சேலத்தில் சும்மா ஓட்டினால் கீழேயே கிடக்கிறது என்கிறான். அந்த 82, 88 எண் எங்கே அடித்திருக்கும்?

—

பத்தாம்நம்பர்ஸ்பேனர் (கோவை) | வெள்ளி, காலை 8.05

வளையத்தின் மேலேயே இருக்கும் ஐயா, இல்லையென்றால் குப்பியின் அடியில். வண்டி ஆறிய பிறகு திறங்கள்.

—

ஆறுசக்கரம் (நாமக்கல்) | வெள்ளி, மாலை 5.50

திறந்தோம். எண் மட்டும் இல்லை, தெர்மோஸ்டாட்டே இல்லை. எந்தப் பட்டறையில் இந்த வேலையைச் செய்தார்கள் என்று பையனைச் சத்தம் போட்டேன். "பெரியப்பா, வண்டி வாங்கின வருஷம் நீங்கதானே கழற்றினீங்க" என்கிறான்.

88தானே வாங்கவேண்டும்? இல்லை, அவன் வண்டிக்கு 82ஆ?